மேயர் நாற்காலி: உட்கார்ந்தால் மட்டும் போதுமா?

(கோவையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



போன கூட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு மாணவத் தோழர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்கண்ணா, 25 வயசுல நம்ம சனத்துப் புள்ள ஒண்ணு மேயராயிருச்சு. இன்னும் நாம மேடை போட்டு அழுதுட்டே இருக்கோணுங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற இன்னொரு தோழர் சொன்னார்: "அட நீயொண்ணு. அதெல்லாம் கட்சிக்காரன் தூக்கி வெச்ச கொலு பொம்மை."

இரண்டு பேரும் நம்ம ஆட்கள்தான். ஒருத்தருக்குத் தோற்றுக்கொண்டே இருப்பது சலித்துப் போய்விட்டது. இன்னொருத்தருக்கு ஏமாந்துகொண்டே இருப்பது சலித்துப் போய்விட்டது. அன்றைக்கு எனக்குச் சரியான பதில் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்குச் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டுமே அரை உண்மை என்பதுதான் என் பேச்சின் சுருக்கம். மீதி அரை எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் நம் வேலை.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. மார்ச் 4 அன்று 21 மாநகராட்சிகளுக்கும் மேயர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அந்த 21 நாற்காலிகளில் 11 பெண்களுக்கு. அதில் இரண்டு தலித் பெண்களுக்கு: சென்னை, தாம்பரம். தலித்துகளுக்குப் பொதுவாக ஒதுக்கப்பட்டது ஆவடி. ஆக மூன்று.

சென்னைக்கு ஆர். பிரியா வந்தார். அப்போது அவருக்கு வயது 28. சென்னை மாநகராட்சியின் வரலாறு 1688இல் தொடங்குகிறது. இத்தனை காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாவது பெண் அவர். 1957இல் தாரா செரியன், 1971இல் காமாட்சி ஜெயராமன், பிறகு பிரியா. தலித் பெண் என்று பார்த்தால் அவர்தான் முதல். தாம்பரம் 2021இல்தான் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் என்று ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்து 70 வார்டு ஆக்கினார்கள். அதற்கு முதல் மேயர் வசந்தகுமாரி. பொறியியல் படித்தவர், 25 வயது. டீக்கடையில் அந்த மாணவத் தோழர் சொன்னது இவரைத்தான்.

பத்திரிகைகள் எல்லாம் வயசைத்தான் எழுதின. 2020 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் மேயர் ஆனபோதும் அப்படித்தான் எழுதின. வயசு நல்ல செய்திதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நமக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது.

கொங்கு மண்டலத்தில் அன்றைக்கு இருந்த மாநகராட்சிகளை எண்ணிப் பாருங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர். கோவையும் ஈரோடும் கரூரும் பெண்கள் பொதுவுக்குப் போனது. சேலமும் திருப்பூரும் பொது. ஐந்தில் ஒன்றுகூட நமக்கு ஒதுக்கப்படவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் தலித்துகள். நகரத்து விகிதம் வேற, மாநில விகிதம் வேற என்று கணக்குச் சொல்லுவார்கள். சரி, இருக்கட்டும். ஒதுக்கவில்லை என்றால் நிறுத்தக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா? பொது நாற்காலியில் ஒரு மாதாரி வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்தால் எந்த நீதிமன்றம் தடுக்கப் போகிறது? தடுப்பது நீதிமன்றம் இல்லை தோழர்களே. எது தடுக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இப்ப பொம்மை என்று சொன்ன தோழருக்கு வருகிறேன். தோழர், அந்த நாற்காலி சும்மா வந்ததில்லை. அதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது.

1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னை மேயர் ஆனார். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து முதல் மேயர். 1901இல் பிறந்தவர், அப்படியென்றால் முப்பத்தைந்து முப்பத்தாறு வயது. அவரும் இளம் மேயர்தான், அதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. 1945இல் என். சிவராஜ் மேயர் ஆனார். சட்டக் கல்லூரிப் பேராசிரியர். அண்ணல் அம்பேத்கரோடு நின்று, பட்டியல் சாதியினர் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். அந்தக் காலத்தில் நம் மக்கள் ரிப்பன் கட்டடத்துக்குள் எதற்காகப் போனார்கள்? கூட்டவும் கழுவவும். அந்தக் கட்டடத்தில் நம் ஆள் ஒருவர் அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் என்றால் அது சின்ன விசயம் இல்லை.

1992இல் 73, 74 ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் வந்தன. ஊராட்சியிலும் நகராட்சியிலும் தலைவர் பதவிக்கே இட ஒதுக்கீடு என்று ஆனது. தமிழ்நாட்டில் 1996இல் அதன்படி தேர்தல் நடந்தது. அதற்கு என்ன விலை கொடுத்தோம்? மேலவளவு முருகேசன். ஊராட்சித் தலைவராக ஜெயித்த குற்றத்துக்காக 1997 ஜூன் 30 அன்று அவரையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நான்கிலும் 2006 வரைக்கும் தேர்தலை நடத்தவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாற்காலி வெறும் மரம் என்றால் அதற்காக எவனாவது கொலை செய்வானா? நம்மை விட அவனுக்கு அந்த நாற்காலியின் அர்த்தம் நன்றாகத் தெரியும்.

அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அடிப்படை அலகாக வைக்க மறுத்தது ஏன் என்று நம் வாசிப்பு வகுப்பில் பேசியிருக்கிறோம். உள்ளாட்சி என்பது உள்ளூர்க்காரன் ஆட்சி. உள்ளூர்க்காரன் ஆட்சி என்பது உள்ளூர்ச் சாதியின் ஆட்சி. டெல்லியில் ஒரு தலித் குடியரசுத் தலைவர் இருந்தால் நம்மூர்ப் பண்ணாடிக்கு உறுத்தாது. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மாதாரிச்சி நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

வெகுதூரம் போக வேண்டாம், நம்ம கோவை மாவட்டத்தையே பாருங்கள். ஜெ. கிருஷ்ணாபுரம் ஊராட்சியின் தலைவராக 2020இல் இருந்தவர் சரிதா, தலித் பெண். தலைவர் நாற்காலியில் உட்காரக்கூடாது, பேர்ப்பலகையில் பேர் எழுதக்கூடாது என்று தன்னை மிரட்டுவதாக 2020 அக்டோபரில் அவர் புகார் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதே மாதத்தில்தான் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருக்கிற படம் வெளியே வந்தது. மற்றவர்கள் எல்லாம் நாற்காலியில், தலைவர் தரையில். அதற்கு இரண்டு மாதம் முன்னால் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தம் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற முடியவில்லை. பின்னால் மாவட்ட ஆட்சியர் வந்து நின்றுதான் ஏற்ற வைக்க வேண்டியிருந்தது.

எங்கம்மா ஒரு நகராட்சியில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். காலையில் தெரு வேலை. அது முடிந்ததும் ஆபீசைக் கூட்டித் துடைக்கிற வேலை. சேர்மன் அறையும் அதில் சேர்த்தி. அந்தச் சுழல் நாற்காலியைத் தினமும் துடைத்துப் பளபளப்பாக வைத்தது எங்கம்மாதான். ஒருநாள் நான் சின்னப் பையன், கூடப் போயிருந்தேன். சுற்றிப் பார்க்கலாம் என்று அதில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அம்மா அடித்த அடி இப்பவும் நினைப்பிருக்கு. "எந்திரிடா, ஆராச்சும் பாத்தா எம்பொழப்புப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே நான் உட்கார்ந்த இடத்தை மறுபடியும் துடைத்தார். அதனால்தான் சொல்கிறேன். வசந்தகுமாரியும் பிரியாவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதை எந்தத் தத்துவத்தாலும் நான் மறைக்க மாட்டேன். அந்தப் படத்தைப் பார்க்கிற நம்ம வளவுப் பெண்பிள்ளை ஒன்று 'நானும் உட்காரலாம்' என்று நினைத்தால் அந்த நினைப்பே ஒரு கலகம்.

இனி, அழ வேண்டுமா என்று கேட்ட மாணவத் தோழருக்கு வருகிறேன். தோழர், அந்த நாற்காலியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு கொண்டாடுவோம்.

நம் மாநகராட்சிகளில் மேயர் என்ன செய்கிறார்? மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். அங்கி, சங்கிலி, செங்கோல் எல்லாம் உண்டு. ஆனால் நிர்வாக அதிகாரி யார்? ஆணையாளர். அவர் அரசு நியமிக்கிற அதிகாரி. மாமன்றம் தீர்மானம் போடும். அதை நடத்துவதும் நிறுத்தி வைப்பதும் ஆணையாளர் மேசையில் இருக்கிறது. ஆணையாளரை மாற்றுகிற அதிகாரம் மேயருக்குக் கிடையாது, கோட்டைக்குத்தான் உண்டு. நிதியும் பெரும்பகுதி கோட்டையிலிருந்துதான் வரவேண்டும். அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணையில் 18 துறைகளை நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். குடிநீர், சுகாதாரம், சேரி மேம்பாடு எல்லாம் அதில் இருக்கிறது. 'கொடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'கொடுக்க வேண்டும்' என்று இல்லை. ஆக நாற்காலி இந்த அறையில், பேனா அந்த அறையில்.

அடுத்தது, மேயரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? 1996இலும் 2001இலும் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடியும் நேரடி. 2016இல் மறைமுகம் என்று சட்டம். 2018இல் அதை மாற்றி நேரடி. 2019இல் அதையும் மாற்றி மறுபடி மறைமுகம். இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி விளையாடியிருக்கின்றன. எது தங்களுக்கு வசதியோ அது. மறைமுகத் தேர்தல் என்றால் என்ன நடக்கும்? கட்சித் தலைமை ஒரு பேரை அறிவிக்கும், கவுன்சிலர்கள் கை தூக்குவார்கள். தலைமை கொடுத்ததைத் தலைமை எடுத்துக்கொள்ளவும் முடியும்.

நம்ம ஊரையே பாருங்கள். 2022இல் கோவைக்கு முதல் பெண் மேயராகக் கல்பனா ஆனந்தகுமார் வந்தபோது எளிய குடும்பத்துப் பெண் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். 2024 ஜூலையில் ராஜினாமா. அன்றைக்கே திருநெல்வேலி மேயரும் ராஜினாமா. ஆகஸ்டில் கோவைக்கு ரங்கநாயகி மேயர் ஆனார், போட்டியே இல்லை. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மாநகரத்தின் மேயர் வந்ததிலும் போனதிலும் அந்த மாநகரத்து மக்களுக்கு என்ன பங்கு இருந்தது? காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்குப் பேப்பரைப் பார்த்துத்தானே தெரிந்தது?

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லவேண்டும். பதவி என்பது சிலருக்குப் படிக்கட்டு. ராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவர். இருபது வருசத்தில் சென்னை மாகாணத்தின் பிரதமர். பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவர் பதவியை 1919இல் விட்டுவிட்டுக் காங்கிரசுக்குப் போனார், பிறகு தமிழ்நாட்டு அரசியலையே புரட்டினார். மு.க. ஸ்டாலின் 1996இல் சென்னைக்கு நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர், 2021இல் முதலமைச்சர். கணபதி ப. ராஜ்குமார் 2014இல் கோவை மேயர். பிறகு கட்சி மாறி 2024இல் கோவை நாடாளுமன்ற உறுப்பினர். ஒவ்வொருத்தருக்கும் நகராட்சி ஒரு பள்ளிக்கூடம். அங்கே படித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போகிறார்கள்.

நமக்கு? ஒதுக்கீடு சுழற்சியில் வருகிறது. வருகிறபோது ஏறு. சுழன்று போனதும் இறங்கு. இறங்கினவரைப் பொது வார்டில் நிறுத்துவார்களா? "ரிசர்வ் போயிருச்சு கண்ணு, அடுத்த தடவை பாக்கலாம்." அடுத்த தடவை அவர் கொடிக்கம்பத்துக்கு அடியில் நிற்பார். அனுபவம் சேர்ந்து, நிர்வாகம் தெரிந்து, கேள்வி கேட்கிற தைரியம் வருகிற நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆதிக்க சாதி இளைஞனுக்கு நகராட்சி முதல் படி. நமக்கு அதுவே கடைசிப் படி. 1937இல் மேயரான சிவசண்முகம் பிள்ளை 1946இல் சட்டமன்ற சபாநாயகர் ஆனார், அது ஒரு வழி. சிவராஜ் தன் மக்களின் சொந்த அமைப்பைக் கட்டி, 1957இல் இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவர் ஆனார், அது இன்னொரு வழி. முதல் வழியில் போக ஒரு பெரிய கட்சியின் தயவு வேண்டும். இரண்டாவது வழியில் போக நம்முடைய சொந்தப் பலம் வேண்டும். தயவு எத்தனை நாளைக்கு என்று கோவை மேயர் கதை நமக்குக் காட்டிவிட்டது.

இப்ப எல்லாவற்றையும் விடக் கடினமான இடத்துக்கு வருகிறேன். இதைப் பேசாமல் விட்டால் நாம் நேர்மையானவர்கள் இல்லை.

2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே துப்புரவுத் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்தும், பணி நிரந்தரம் கேட்டும். பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் தலித்துகள். பதிமூன்று நாள் வெயிலிலும் மழையிலும் நடைபாதையில் இருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடித் துப்புரவுப் பணியாளர்களுக்கு இலவசக் காலைச் சாப்பாடு என்று அறிவித்தது. அவர்கள் கேட்டது இட்லி இல்லை, வேலை.

கட்டடத்துக்குள்ளே மேயர் நாற்காலி. அதில் ஒரு தலித் பெண். கட்டடத்துக்கு வெளியே நடைபாதை. அதில் நூற்றுக்கணக்கான தலித் பெண்கள். திரு.வி.க. நகர் மண்டலம்தான் மேயரின் சொந்த வார்டு இருக்கிற மண்டலமும். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு 'பார்த்தீர்களா பொம்மைதான்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். தனியார்மயம் என்ற கொள்கை அந்த நாற்காலியில் பிறந்ததா? இல்லை. அது உலகவங்கிக் காலத்திலிருந்து ஊர் ஊராக வந்துகொண்டிருக்கிற கொள்கை. சென்னையின் மற்ற மண்டலங்கள் பலவற்றில் அதற்கு முன்பே தனியார்தான். பேச்சுவார்த்தையை முன்னின்று நடத்தியவர்கள் அமைச்சர்கள். தூக்கியது போலீஸ். அந்தப் போலீஸ் மேயரிடம் இல்லை. அதிகாரம் எல்லாம் வேறு இடத்தில். ஆனால் அவப்பெயர் மட்டும் அந்த நாற்காலிக்கு. இதுதான் தந்திரம். நம்முடைய முகத்தை வாசலில் வைத்துவிட்டு நம்முடைய மக்களின் வேலையைப் பின்வாசல் வழியாக விற்றுவிடுகிறார்கள். நாளைக்கு நாம் கேட்டால் 'உங்க ஆள்தானே உள்ள இருக்காங்க' என்பார்கள்.

ஆனாலும் மேயரைக் கேள்வி கேட்காமல் விடமுடியாது. அதிகாரம் இல்லாதவருக்கும் ஒரு வாய் இருக்கிறது. மாமன்றத்தில் எழுந்து 'என் மக்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று பேசுவதற்கு எந்த ஆணையாளரின் கையெழுத்தும் தேவையில்லை. அந்த ஒரு பேச்சுக்குப் பதவி போயிருந்தால் போகட்டும். அப்படிப் போகிற பதவிதான் வரலாற்றில் நிற்கும். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அந்த வயதில் நான் அங்கே இருந்தால் பேசியிருப்பேனா என்று எனக்கே சந்தேகம்தான். பின்னால் ஒரு இயக்கம் இல்லாமல் தனியாக ஒரு இளம்பெண்ணை நிறுத்திவிட்டு 'நீ ஏன் பேசவில்லை' என்று கேட்க நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது?

கோவைக்கு வருவோம். 2019இல் கோவை மாநகராட்சி 549 நிரந்தரத் துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தபோது பொறியாளர்கள், பட்டதாரிகள், பட்டயம் படித்தவர்கள் என்று ஆயிரக்கணக்கில் விண்ணப்பித்தார்கள். எல்லாச் சாதியும் வரிசையில் நின்றது. நல்லது, எல்லாரும் கூட்டட்டும், சாதி ஒழியட்டும். ஆனால் நிரந்தர வேலை, அரசுச் சம்பளம் என்றால்தான் அந்த வரிசை. ஒப்பந்தக் கூலி என்றால் வரிசையில் யார் நிற்கிறார்கள்? அருந்ததியர் பெண்கள் மட்டும். 2022இல் ஆட்சியர் நிர்ணயித்த 721 ரூபாய் தினக்கூலியைக் கொடு என்று கேட்டு அவர்கள்தான் தெருவுக்கு வந்து நின்றார்கள். புதிய கூலி எதுவும் கேட்கவில்லை. அரசே நிர்ணயித்த கூலியைத்தான் கேட்டார்கள். உக்கடம் சி.எம்.சி. காலனியில் காலங்காலமாக இருந்த துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களை மேம்பாலத்துக்காக இடம் பெயர்த்தார்கள். அந்தப் பாலம் 2024இல் திறக்கப்பட்டது. அதன்மேல் போகிற காருக்குத் தான் யாருடைய வீட்டின்மேல் போகிறோம் என்று தெரியுமா?

இன்னொரு கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரைக்கும் தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. ஐந்து வருசத்துக்கு மேல் அதிகாரிகள் ராஜ்ஜியம். அந்த இடைவெளியில்தான் 2018இல் கோவையின் குடிநீர் வினியோகத்துக்கு சூயஸ் நிறுவனத்தோடு 26 வருச ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த இடைவெளியில்தான் 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்தது. நம்ம சனத்தையும் ஒரு பங்களாவையும் பிரித்த சுவர். மழையில் ஊறி வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 உயிர். எல்லாரும் அருந்ததியர். சுவரைப் பற்றி முன்பே முறையிட்டோம் என்று மக்கள் சொன்னார்கள். முறையிட அங்கே கவுன்சிலர் இல்லை, சேர்மன் இல்லை. நீதி கேட்டவர்களுக்குத் தடியடி கிடைத்தது. அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நடூர் சாட்சி. 'நாற்காலியில் என்ன இருக்கிறது' என்று நாம் அலட்சியமாகப் பேச முடியாது.

ஆக, நாம் என்ன செய்ய வேண்டும்? பெரிய திட்டம் எதுவும் என் கையில் இல்லை. நான்கைந்து சின்ன வேலைகளைச் சொல்கிறேன்.

ஒன்று. கொங்கு மண்டலத்தின் மாநகராட்சிகளில் ஒரு மேயர் நாற்காலியாவது தலித்துக்கு என்ற கோரிக்கையை இப்போதிருந்தே எழுப்புவோம். ஒதுக்கினால் நல்லது. ஒதுக்காவிட்டால் பொதுவில் நிறுத்து என்று எல்லாக் கட்சிகளையும் கேட்போம். சமூகநீதி பேசுகிற கட்சிகளை முதலில் கேட்போம். அந்த வேட்பாளர் அருந்ததியராக இருக்கட்டும், பெண்ணாக இருக்கட்டும். 2009இல் வந்த மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு 2024இல் உச்ச நீதிமன்றத்தில் நின்றது. படிப்பிலும் வேலையிலும் வந்தது அரசியலிலும் வரட்டும். இதைப் பேசும்போது நமக்குள் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று முகம் சுளிக்கிறவர்கள் இருந்தால் அவர்கள் முதலில் கண்ணாடியைப் பார்க்கட்டும்.

இரண்டு. மாமன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை வாங்கிப் படிப்போம். போராட்டத்துக்குப் போகிற நம் தோழர்களில் எத்தனை பேர் ஒரு தீர்மானத்தை முழுதாகப் படித்திருக்கிறோம்? கவுண்டர் வீட்டுப் பையன் ஒப்பந்தப் புள்ளியைப் படிக்கிறான். நாம் கவிதை படிக்கிறோம். கவிதையும் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் துப்புரவு ஒப்பந்தத்தின் ஷரத்துகள் நம் பெண்களின் கூலியை அறுக்கிறபோது அதைப் படிக்கத் தெரிந்த ஒரு ஆளாவது நம்மிடம் வேண்டாமா? கல்லூரியில் இருக்கிற நீங்கள் அதைச் செய்யலாம்.

மூன்று. 2022இல் வார்டு குழுவும் பகுதி சபையும் விதிகளோடு வந்துவிட்டன. அவை இப்போது ஆளுங்கட்சிக்காரர்களின் டீ பார்ட்டியாக இருக்கின்றன. நம் வளவுகளிலிருந்து பத்துப் பெண்கள் போய் உட்கார்ந்து தண்ணீர், சாக்கடை, பட்டா என்று மூன்று கேள்வி கேட்டால் அது வேறு மாதிரி ஆகும். மேலே மேயரைப் பேச வைக்க வேண்டும் என்றால் கீழே நாம் சத்தம் போட வேண்டும்.

நான்கு. ஒதுக்கீட்டில் ஜெயித்து வருகிற நம் பெண்களைத் தனியாக விடக்கூடாது. ஜெ. கிருஷ்ணாபுரத்துச் சரிதா புகார் கொடுக்கும்போது அவர் பின்னால் பத்து இயக்கங்கள் நின்றிருக்க வேண்டும். கவுன்சிலர் ஆன நம் பெண்ணுக்குப் பதிலாக அவர் வீட்டுக்காரர் கூட்டத்தில் உட்கார்ந்தால் அதை எதிர்க்கிற முதல் குரல் நம்முடையதாக இருக்கட்டும். அவர் கட்சி எதுவாக இருந்தாலும் சரி. கட்சி அவரைத் தூக்கி வைத்திருக்கலாம். ஆனால் அவரைக் கட்சியின் பொம்மையாக விட்டுவிடுவதும் நம் மக்களின் குரலாக மாற்றுவதும் பாதி நம் கையில் இருக்கிறது.

ஐந்து. பேனாவைக் கேட்போம். மேயருக்கு அதிகாரம், மாமன்றத்துக்கு நிதி, 18 துறைகளும் உள்ளாட்சிக்கு. இதைக் கேட்கிறபோது எனக்கு ஒரு பயமும் உண்டு, மறைக்கவில்லை. உள்ளூருக்கு அதிகாரம் வந்தால் உள்ளூர்ச் சாதிக்கு அதிகாரம் வரும் என்று அம்பேத்கர் எச்சரித்திருக்கிறார். ஆகவே முதல் கோரிக்கையும் ஐந்தாவது கோரிக்கையும் சேர்ந்தேதான் வரவேண்டும். நாற்காலியில் நம் ஆள் இல்லாமல் அதற்கு அதிகாரம் வந்தால் நமக்கு ஆபத்து. அதிகாரம் இல்லாமல் நம் ஆள் மட்டும் வந்தால் நமக்கு அவமானம். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கிற இயக்கம் வேண்டும்.

அந்த மாணவத் தோழருக்கு இப்போது சொல்கிறேன்: அழவேண்டாம் தம்பி, ஆனால் மேடையைப் பிரிக்கவும் வேண்டாம். இன்னொரு தோழருக்குச் சொல்கிறேன்: பொம்மை என்று சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்த நாற்காலியை எங்கம்மா மாதிரி ஆயிரம் அம்மாக்கள் துடைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்கிறவர் எந்தச் சாதி என்று கேட்டோம், சரி. எந்தக் கட்சி என்று கேட்டோம், சரி. இனிமேல் இதையும் சேர்த்துக் கேட்போம்: நீங்கள் மேயராக இருந்த வருசங்களில் உங்கள் ஊரில் தெருக் கூட்டுகிற பெண்ணின் கூலி என்ன ஆனது? அவளுடைய வேலை நிரந்தரம் ஆனதா? அவளுடைய மகள் என்ன படிக்கிறாள்?

இதுக்குப் பதில் சொல்ல முடிகிற மேயர் நம்ம மேயர். நம்ம சாதியாக இருந்தாலும் பதில் சொல்ல முடியாதவரிடம் போய்த் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்போம்.